பதினைந்து மார்க்குக்கு ஆறு பக்கம்

ஒரு கட்டு விடைத்தாள் மேசைக்கு வந்தால் எனக்கு முதலில் தலைவலி வரும், பிறகு கோபம் வரும். பதினொரு வருடமாக ஒரு நர்சிங் பள்ளியில் ட்யூட்டராக இருக்கிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் எங்கள் வாசலில் இறங்கிவிடலாம். இந்தப் பதினொரு வருடத்தில் நிமோனியாவைப் பற்றி மட்டும் எத்தனை பக்கம் வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அத்தனையும் ஒரே நிமோனியா. ஒரே டெஃபனிஷன், ஒரே காரணங்கள், அதே வரிசையில் அதே அறிகுறிகள், கடைசியில் அதே முடிவுரை. ஒரு வருடம் கைடு அச்சடித்தவர்கள் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார்கள். அந்த வருடம் என் வகுப்பில் நாற்பது பேரும் அந்த வரியை விட்டிருந்தார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சட்டம் எங்களுக்குள் உண்டு. பதினைந்து மார்க் எஸ்ஸே என்றால் ஆறு பக்கம். ஐந்து மார்க் ஷார்ட் நோட் என்றால் இரண்டு பக்கம். எந்த விதிமுறைப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் முதல் வருடம் சேரும் பிள்ளைக்கு ஊசி பிடிக்கத் தெரியும் முன்பே இது தெரிந்துவிடும். ஹாஸ்டலில் சீனியர் அக்காமார் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வரிக்கு ஐந்து வார்த்தைக்கு மேல் போடக்கூடாது. தலைப்பைக் கறுப்புப் பேனாவில் எழுதி ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்க வேண்டும். எதற்கும் ஒரு படம், எதற்கும் ஒரு ஃப்ளோ சார்ட். கை கழுவுவதற்குக்கூட அம்புக்குறி போட்டு ஃப்ளோ சார்ட் வரைந்த பிள்ளை உண்டு. அதற்கு நானும் ஒரு மார்க் போட்டேன்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் மூத்த ட்யூட்டர் ஒருவர் இருக்கிறார். எஸ்ஸே கேள்விக்கு அவர்தான் பெரிய வக்கீல். பேப்பரைத் தொட்டுப் பார்த்தே மார்க் சொல்லிவிடுவேன் என்பார். நிஜமாகவே சொல்லிவிடுவார். விடைத்தாளின் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளுவார், பத்து என்பார், பன்னிரண்டு என்பார். சேர்ந்த புதிதில் இது என்ன அநியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது வருடம் என் கட்டை விரலும் அதே வேலையைச் செய்ய ஆரம்பித்தது. ஒரு நாளில் நாற்பது பேப்பர் திருத்திக் கொடுக்கச் சொன்னால் வேறு எப்படித் திருத்த முடியும்? இது சமாதானம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கடைசி வருட வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். பனவடலிசத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் அவளைச் சத்திரத்துப் பிள்ளை என்றே சொல்வோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். வார்டில் அவளை விட்டால் ஆள் கிடையாது. ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவாள், படுத்திருப்பவர் அரை முழிப்பில் புரண்டு படுப்பாரே தவிர முனக மாட்டார். குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டும் என்றால் அங்கே வேலை பார்க்கும் நர்சுகளே, அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க என்பார்கள். மதுரையிலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தபோது, வார்டில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு எங்கள் பள்ளியிலிருந்து நான்கு பேரை எடுத்தார்கள். முதல் பெயர் அவளுடையது. அந்த வருடமே போர்டு பரீட்சை எழுதி முடித்து வந்து சேர வேண்டும், அதுதான் நிபந்தனை.

போர்டு பரீட்சை எழுதவேண்டுமானால் பள்ளியிலேயே வைக்கும் இன்டெர்னல் பரீட்சைகளில் மார்க் வேண்டும். இரண்டு இன்டெர்னலையும் சேர்த்துப் பாதி மார்க் வராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் என்றால் மதுரை வேலை போனது போனதுதான்.

முதல் இன்டெர்னலில் அவள் எழுபத்தைந்துக்கு இருபத்தெட்டு எடுத்தாள். பேப்பர் என் கையில்தான் வந்தது. ஆஸ்துமா நோயாளியின் கவனிப்பைப் பற்றிய எஸ்ஸேவுக்கு இரண்டே கால் பக்கம் எழுதியிருந்தாள். உடைந்த ஆங்கிலம். ஆனால் படித்தால் விஷயம் இருந்தது. நோயாளியை எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது, முன்னால் எதை வைத்துக் கையை ஊன்றச் சொல்வது, பயந்துபோன ஆளிடம் எவ்வளவு மெதுவாகப் பேசுவது. கைடில் இல்லாத விஷயம் எல்லாம் இருந்தது. டெஃபனிஷன் இல்லை, வகைகள் இல்லை, ஃப்ளோ சார்ட் இல்லை. பதினைந்துக்கு ஐந்து போட்டேன். போட்டுவிட்டு, பேனாவை மேசையில் எறிந்தேன். அது உருண்டு போய் மூத்த ட்யூட்டரின் டீ கிளாஸில் மோதி நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்து, யாரு, சத்திரத்துப் பிள்ளையா என்று மட்டும் கேட்டார்.

அவளைக் கூப்பிட்டு, தெரிந்ததை ஏன் எழுத மாட்டேன் என்கிறாய் என்று சத்தம் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "இங்கிலீஷு வாசிச்சா புரிஞ்சிருது மேடம். எழுதத்தான் வரல. சாய்ஸ் குடுத்துக் கேட்டா நான் சொல்லிருவேன்" என்றாள். எனக்கு அது பிடித்துக்கொண்டது. நாலு விடை கொடுத்து ஒன்றை டிக் செய்யச் சொல்லும் கேள்வி. அதுவும் மனப்பாடக் கேள்வியாக இல்லாமல், இப்படி ஒரு நோயாளி, இப்படி ஒரு நிலைமை, முதலில் என்ன செய்வாய் என்று கேட்கும் கேள்வி. நர்சுக்கு அதைத்தானே கேட்க வேண்டும்? நிமோனியாவின் டெஃபனிஷனைக் கேட்டுக்கொண்டு எந்த நோயாளி படுத்திருக்கிறான்?

பிரின்சிபால் மேடத்திடம் போய் நின்றேன். அவரிடம் எனக்குப் பயமும் மரியாதையும் உண்டு. முப்பது வருடம் வார்டிலும் வகுப்பிலும் கழித்தவர். நான் பேசியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். போர்டில் எஸ்ஸேதான் வருகிறது, எஸ்ஸேவுக்குப் பழக்காமல் வேறு எதற்கோ பழக்கினால் பிள்ளைகள் அங்கே போய் முழிக்கும் என்றார். அது நியாயம்தான். நானும் விடவில்லை. ஒரு வாரம் தினமும் போய் நின்றேன். கடைசியில், இரண்டாவது இன்டெர்னலில் முப்பது மார்க்குக்கு மட்டும் வைத்துக்கொள், மீதி நாற்பத்தைந்தும் வழக்கம்போல இருக்கட்டும் என்று இறங்கி வந்தார். என்னமோ நான் போர்டையே மாற்றிவிட்டது போல அன்றைக்கு பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் முகம் செத்துப்போனது. எனக்கு ஆச்சரியம். எஸ்ஸே வேண்டுமா இது வேண்டுமா என்று கையைத் தூக்கச் சொன்னேன். எஸ்ஸேவுக்கு முப்பதுக்கு மேல் கை எழுந்தது. ஏன் என்று கேட்டதற்கு, எப்போதும் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளை எழுந்து, "எஸ்ஸேல தெரியாட்டாலும் எதையாவது எழுதி நாலு மார்க் தேத்திரலாம் மேடம். இதுல தெரியலன்னா தெரியலதான்" என்றாள். இன்னொருத்தி, படித்துப் பார்த்தால் நாலு விடையும் சரியாகத்தான் தெரிகிறது, எதை டிக் செய்ய என்று குறைப்பட்டாள். வேறொருத்தி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்ததற்கு ஒரு டிக்தானா என்றாள். அவள் கவலை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. நானும் மாணவியாக இருந்தபோது கை வலிக்க எழுதிவிட்டு வந்தால்தான் பரீட்சை எழுதிய திருப்தி வந்தது. சத்திரத்துப் பிள்ளை மட்டும் கடைசி பெஞ்சில் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள்.

பதினைந்து கேள்வி தயாரிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. எஸ்ஸே கேள்வி அரை நிமிட வேலை. டிஸ்கஸ் என்று ஒரு வார்த்தை போட்டு வியாதியின் பெயரை எழுதினால் முடிந்தது. இது அப்படி இல்லை. ஒரு சரியான விடையும், பார்த்தால் சரி போலத் தெரியும் மூன்று தப்பான விடைகளும் வேண்டும். இரண்டு தப்பு எளிதாகக் கிடைக்கும். மூன்றாவதுக்கு உயிர் போய்விடும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது யோசிப்பேன், பஸ்ஸில் யோசிப்பேன். கிடைக்காதபோது, பொறுப்பு நர்சிடம் தெரிவிப்பது என்று ஒன்றைப் போட்டு இடத்தை நிரப்பினேன். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற விடை அது. பதினைந்தில் பதினொரு கேள்வியில் அது வந்துவிட்டது. அதில் இரண்டில்தான் அது சரியான விடை, மற்ற ஒன்பதிலும் நோயாளிக்கு முதலில் ஏதாவது செய்துவிட்டுப் பிறகுதான் தெரிவிக்க வேண்டும். விடைக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு பிரின்சிபால் மேடத்திடம் கொடுத்தேன்.

சத்திரத்துப் பிள்ளைக்கு இரண்டாவது இன்டெர்னலில் நாற்பத்தேழு வேண்டியிருந்தது. எஸ்ஸே பகுதியில் வழக்கம்போல இரண்டு பக்கம் எழுதினாலும் பதினாறோ பதினேழோ வந்துவிடும். என் முப்பதை முழுசாக வாங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்காகத்தான் அந்த முப்பதையே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். பரீட்சை அன்று அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கேள்வியை ஒரு தரம் வாசிப்பாள், உடனே டிக் செய்வாள். யோசிக்கவே இல்லை. இதுதான் வார்டில் பழகிய பிள்ளைக்கும் கைடில் பழகிய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் என்று மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவள் பேப்பரைத்தான் முதலில் எடுத்துத் திருத்தினேன். ஐம்பத்தைந்து வயது தறி வேலைக்காரர், மூச்சு இரைக்கிறது, தட்டையாகப் படுத்திருக்கிறார், முதலில் என்ன செய்வாய்? பொறுப்பு நர்சிடம் தெரிவிப்பது. சர்க்கரை நோயாளிக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, மயக்கம் வருகிறது என்கிறார், நினைவு இருக்கிறது, பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீர் இருக்கிறது. பொறுப்பு நர்சிடம் தெரிவிப்பது. ஆபரேஷன் ஆன இடத்தில் ரத்தம் கசிந்து கட்டு நனைகிறது. பொறுப்பு நர்சிடம் தெரிவிப்பது. பதினொரு இடத்திலும் அதே டிக். அந்த விடை இல்லாத நான்கு கேள்வியையும் சரியாகப் போட்டிருந்தாள். முப்பதுக்குப் பன்னிரண்டு. எஸ்ஸேயில் பதினேழு. மொத்தம் இருபத்தொன்பது.

மற்ற பேப்பர்களையும் அவசரமாகப் புரட்டினேன். வகுப்பில் பாதிக்கு மேல் அதே டிக்தான். ஆனால் அவர்களுக்கெல்லாம் ஆறு பக்க எஸ்ஸே இருந்தது, முதல் இன்டெர்னல் மார்க் இருந்தது, தப்பித்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது அவள் ஒருத்திதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு பேர் பார்க்க வராந்தாவில் நிறுத்தி வைத்துத் திட்டினேன். உனக்காகப் போய்ச் சண்டை போட்டேனே, பத்து நாள் தூக்கம் கெட்டேனே, மூச்சு இரைக்கிறவனைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும் மேடம்" என்றாள். தெரிந்தும் ஏட்டி இப்படிப் போட்டே என்றேன். சேலை முந்தானையைச் செருகியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தபசு சமயத்துல நீங்கதான மேடம் எழுதித் தரச் சொன்னீங்க? எதுன்னாலும் சிஸ்டர்ட்ட சொல்லாமத் தொட மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன்லா. நான் அதத்தான் போட்டுருக்கேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு ஆஸ்பத்திரிகள் எல்லாம் நிரம்பி வழிந்த சமயம். நாங்கள் பிள்ளைகளை வார்டுப் பயிற்சிக்குப் போஸ்டிங் அனுப்பும் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்கு மூச்சு இரைத்திருக்கிறது. பொறுப்பு நர்ஸ் வேறு ஒரு வார்டில் இருந்தார். சத்திரத்துப் பிள்ளை கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். பெரியவருக்கு இரைப்பு குறைந்துவிட்டது. ஆனால் பொறுப்பு நர்சுக்குக் கோபம். என் நோயாளியை என்னைக் கேட்காமல் ஒரு ஸ்டூடெண்ட் எப்படித் தொடலாம், ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது, இனிமேல் உங்கள் பிள்ளைகள் இங்கே வர வேண்டாம் என்று எனக்கு போன் செய்தார். போஸ்டிங் நின்றுபோனால் எங்கள் பள்ளியே படுத்துவிடும். அந்தப் பயத்தில் நான் ஓடிப்போனேன். அந்த நர்ஸ் பார்க்க, மற்ற பிள்ளைகள் பார்க்க, யாரைக் கேட்டுட்டி தொட்டே என்று இவளைக் கத்தினேன். அதோடு விடவில்லை. ஒரு வெள்ளைத்தாளை வாங்கி, இனி எதைச் செய்வதாக இருந்தாலும் பொறுப்பு நர்சிடம் தெரிவித்த பிறகே செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். வாசகம் நான் சொன்னது. அவள் நின்றுகொண்டே எழுதினாள்.

அவள் செய்தது சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அவளிடம் அதைத் தனியாகக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வேறு வேலை வந்தது, மறந்துவிட்டேன். வகுப்பில் மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பாதிப் பேர் அதே இடத்தில் டிக் செய்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபால் மேடத்திடம் போனேன். ஒன்பது கேள்விக்கும் அந்த விடையையும் சரி என்று எடுத்துக்கொள்ளலாம், நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறாள் என்றேன். கூட்டிப் பார்த்திருந்தேன், நாற்பத்தேழு வந்தது. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அவர் என் விடைக் குறிப்பை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மூச்சு இரைக்கிறவனை அப்படியே போட்டுவிட்டு ஆள் தேடிப் போவது சரியா என்று கேட்டார். சரியில்லை என்றேன். அப்படியானால் எப்படி மார்க் போடச் சொல்லுதீங்க என்றார். அவர் சொன்னது சரி, அவள் எழுதியதும் எங்கள் கணக்கில் சரி. நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, அதைக் காட்ட அந்த அறையில் ஆள் இல்லை.

பிரின்சிபால் மேடம் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி செய்தார். இம்ப்ரூவ்மெண்ட் டெஸ்ட் ஒன்று வைப்போம், அதில் நாற்பத்தேழு எடுத்தால் அதையே இரண்டாவது இன்டெர்னலாக எடுத்துக்கொள்வோம் என்றார். ஆனால் முழுக்க முழுக்கப் பழைய முறையில். "உங்க சாய்ஸ் கேள்விய இதோட விட்ருங்க. அந்தப் பிள்ளைய ஆறு பக்கம் எழுதப் பழக்குங்க. அது போதும்" என்றார்.

மூன்று வாரம் இருந்தது. தினமும் வகுப்பு முடிந்ததும் அவளை உட்கார வைத்தேன். நானே, எஸ்ஸே என்றாலே பல்லைக் கடித்த நானே, அவளுக்கு ஆறு பக்கத்தைக் கற்றுக்கொடுத்தேன். வரிக்கு ஐந்து வார்த்தை எழுதச் சொன்னேன். தெரியாத இடத்தில் முந்தின பக்கத்தில் எழுதியதையே வார்த்தை மாற்றி எழுதச் சொன்னேன். எந்த வியாதி வந்தாலும் முதல் நான்கு வரியும் கடைசி ஆறு வரியும் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்று என்று எழுதிக் கொடுத்தேன். என்ன கேட்டாலும் முதலில் டெஃபனிஷன், அது முடிந்த பிறகுதான் மற்றது, எந்தக் காரணம் கொண்டும் வரிசை மாறக்கூடாது என்று மண்டையில் அடித்துச் சொன்னேன். எழுத வராவிட்டால் வாயால் சொல் என்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். தப்பினால் முதலிலிருந்து. ஒரு நாள் நடுவில் நிறுத்தி, "மேடம், இதுல நோயாளிய எப்பப் பாக்க?" என்று கேட்டாள். ஐந்தாவது தலைப்பில் என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டாள்.

டெஸ்டில் நாற்பத்தொன்பது எடுத்தாள். ஆறு பக்கத்துக்கும் ஒரு வரி கூடவே எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தேன், சலிப்பாக இருந்தது. அந்தக் கையூன்றி உட்காருவது, மெதுவாகப் பேசுவது எல்லாம் காணோம். ஹால் டிக்கெட் வந்தது. மூத்த ட்யூட்டர் என்னைப் பார்த்து, வழிக்கு வந்துட்டீங்களே என்று கிண்டல் செய்தார். எனக்குப் பதிலுக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

போர்டு எழுத்துப் பரீட்சை முடிந்து கடைசியாகச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு சார் எக்ஸாமினராக வந்திருந்தார். நான் உள் எக்ஸாமினர். இரண்டு பேரும் தனித்தனியாக மார்க் போட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோயாளி. சத்திரத்துப் பிள்ளைக்குக் கிடைத்தவர் இளையரசனேந்தல் பக்கத்து விவசாயி, காய்ச்சலுக்குப் படுத்திருந்தார், இடது கையில் டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் பக்கத்தில் அவள் விறைப்பாக நின்றாள். இது ஒன்றைத் தாண்டினால் மதுரை.

சார் டிரிப் போட்டிருந்த கையைக் காட்டினார். ஊசிக்கு மேல் கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. ஊசி நரம்பை விட்டு விலகி, தண்ணீர் தோலுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். இன்ஃபில்ட்ரேஷனின் டெஃபனிஷன். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அடுத்து காரணங்கள், அடுத்து வகைகள், அடுத்து அறிகுறிகள். உடைந்த ஆங்கிலம் எழுதிய அந்தப் பிள்ளையா என்று இருந்தது. சார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவள் பாதியில் இருக்கும்போதே என் தாளில் அந்தக் கேள்விக்கு முழு மார்க்கை எழுதினேன். ஐந்தாவது தலைப்புக்கு வந்தாள். முதலில் உடனடியாக டிரிப்பை நிறுத்த வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"தாயி, கை ரொம்பக் கடுக்கு" என்றார் படுத்திருந்தவர். யாரிடம் சொல்ல என்று தெரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் நான் நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தேன். டிரிப் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை நேரமும் ஓடியிருக்கிறது. நான் எட்டிப்போய் டிரிப் குழாயின் திருகை மூடினேன். சார் வெரி குட் என்று அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது அவள் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பாஸாகிவிடுவேனா என்று கேட்டாள். ஆகிவிடுவாய் என்றேன். வீங்கிய கையில் டிரிப் ஓடிக்கொண்டே இருந்ததை நீ பார்க்கவில்லையா என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"கட்டில்கிட்ட போனதுமே பாத்துட்டேன் மேடம். அதுக்குள்ள சாரு கேள்வி கேட்டுட்டாரு. டெஃபனிஷன் மொதல்ல சொல்லணும்லா, வரிசையா சொல்லி முடிச்சிட்டுப் பெறவு மூடிக்கிடலாம்னு நின்னுட்டேன்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதான மேடம்?" என்று கேட்டாள்.

மார்க் தாள் என் கையில்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு நேரே முழு மார்க் என் கையெழுத்தில் இருந்தது. சரிதான் என்று சொன்னேன்.